வால்வு டெஸ்லா காயிலைச் சுருதி சேர்ப்பது: வால்வில் சூடு குறைய, பொறி நீள

வால்வு டெஸ்லா காயில் ஒன்றைக் கட்டி முடித்து, நுனியில் ஒரு சாண் பொறி வந்துவிட்டால் அடுத்து எல்லோர் கையும் வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக்கைத்தான் தேடும். வோல்டேஜை ஏற்றினால் பொறி கொஞ்சம் நீளும். கூடவே வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் போய் விழும் தகடு) சிவக்கும், கிரிட் ரெசிஸ்டர் புகையும், மாற்று வால்வு கப்பலில் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். வோல்டேஜ் கடைசியாகத் தொட வேண்டிய விஷயம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

833ஏ வால்வின் பிளேட், விசிறி இல்லாமல் 300 வாட் சூட்டைத் தாங்கும். உங்கள் காயிலின் திறன், அதாவது கொடுத்த சக்தியில் பயனாகும் பங்கு, 60 சதவீதம் என்றால், உள்ளே கொடுப்பதில் 40 சதவீதம் பிளேட்டில் சூடாகப் போகிறது. அப்போது 750 வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. அதில் காயிலுக்குப் போய்ச் சேர்வது 450 வாட். திறனை 75 சதவீதமாக்கினால் அதே வால்வுக்கு 1200 வாட் கொடுக்கலாம், காயிலுக்கு 900 வாட் போகும். சரியாக இரு மடங்கு. பொறியின் நீளம் ஏறக்குறைய சக்தியின் வர்க்கமூலத்தோடு வளர்வதால், ஒன்றரை அடிப் பொறி இரண்டடியைத் தாண்டும். இதற்காகப் புதிய வால்வோ புதிய டிரான்ஸ்ஃபார்மரோ வாங்க வேண்டியதில்லை. திறனும் நீளமும் இரண்டு தனி இலக்குகள் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இரண்டையுமே கோட்டை விடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி ஏற்கெனவே ஒரு காயிலைக் கட்டி, அது அரைகுறையாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு. மின்சுற்று வழக்கமான ஆம்ஸ்ட்ராங் ஆஸிலேட்டர்: பிளேட்டில் பிரைமரியும் அதோடு சேர்ந்து ஆடும் டாங்க் கப்பாசிட்டரும், கிரிட்டில் (வால்வின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கம்பிவலை) ஒரு ஃபீட்பேக் காயிலும் கிரிட் லீக் ரெசிஸ்டரும், மின்சாரத்துக்கு மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர். எண்கள் எல்லாம் டர்பனில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களை வைத்துப் போட்டவை. ஹார்டுவேர் கடையில் வாங்கும் 110 மில்லிமீட்டர் கழிவுநீர் பி.வி.சி. குழாயில் செகண்டரி (பொறி கிளம்பும் காயில்), 160 மில்லிமீட்டர் குழாயில் பிரைமரி. உங்கள் அளவு வேறு என்றால் எண் மாறும், வரிசை மாறாது.

முதலில் உயிர்

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட்டுக்கு மேல், அரை ஆம்பியர் அளவில் கொடுக்கும். டெஸ்லா காயிலின் பொறி பார்க்கத்தான் பயங்கரம். ஆளைக் கொல்வது கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டிதான். நம் ஊர் வீடுகளில் டி.பி. போர்டில் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. அது பிரதான லைனில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே கவனிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் ஒருவர் கை வைத்தால் இந்தப் பக்கம் அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே ஒவ்வொரு முறை டேப் (காயிலின் நடுவே இணைப்பு எடுக்கும் இடம்) மாற்றும்போதும் இதே வரிசை: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது, ஒரு நிமிடம் பொறுப்பது, நீண்ட காய்ந்த பிளாஸ்டிக் கம்பின் நுனியில் கட்டிய 10 கிலோஓம் ரெசிஸ்டரால் கப்பாசிட்டரைக் காலி செய்வது, அப்புறம் வெறும் கம்பியால் எர்த்தோடு சேர்த்துக் கிளிப் போட்டு, வேலை முடியும்வரை அந்தக் கிளிப்பை எடுக்காமல் இருப்பது. மைக்ரோவேவ் கப்பாசிட்டருக்குள் காலி செய்யும் ரெசிஸ்டர் இருக்கும் என்பது உண்மை. அது திறந்துபோயிருந்தால் வெளியே தெரியாது என்பதும் உண்மை.

தனியாக ஓட்டாதீர்கள். பேஸ்மேக்கரோ காது கேட்கும் கருவியோ வைத்திருக்கும் தாத்தா ஆயா இருக்கும் வீட்டில் அவர்கள் பக்கத்தில் ஓட்டவே கூடாது. கராஜ் கதவு திறந்திருக்கட்டும். ஓசோனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் நுரையீரலுக்கு ஆகாது. பொறியைக் கையால் தொட்டுக் காட்டும் வேடிக்கை வேண்டாம். உயர் அதிர்வெண் சுடுவது உடனே வலிக்காது, உள்ளே வெந்துவிடும்.

மின்சாரப் பக்கத்தைச் சரிபார்ப்பது

சுருதி சேர்க்க, அதாவது பிரைமரியின் அதிர்வெண்ணைச் செகண்டரியோடு பொருத்த, உட்காரும் முன் மூன்று விஷயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பதெல்லாம் பொய்.

ஒன்று, ஃபிலமென்ட். 833ஏ-வுக்கு 10 வோல்ட், 10 ஆம்பியர். இதை டிரான்ஸ்ஃபார்மர் முனையில் அளக்காதீர்கள், வால்வு எரிந்துகொண்டிருக்கும்போது சாக்கெட்டின் முனையிலேயே அளங்கள். 10 ஆம்பியர் ஓடும் கம்பியில் அரை வோல்ட் தொலைவது சாதாரணம். 9.5-க்கும் 10.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்டுக்குக் குறைந்த வோல்டேஜும் கெடுதல்தான்: எலக்ட்ரான் போதாமல் உச்சத்தில் மின்னோட்டம் மழுங்கும், பொறி குட்டையாகும், நீங்கள் டேப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வேரியாக் உயர் வோல்டேஜுக்கு மட்டும். ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மர் நேராக லைனில்.

மின்வெட்டுக் காலத்தில் பழகிய பழக்கமாக இன்வெர்ட்டரில் இதை ஓட்டிப் பார்க்க ஆசை வரலாம். வேண்டாம். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் சுமையே இல்லாமல் சில ஆம்பியர் இழுக்கும் சாதனம். அதோடு காயிலின் இரைச்சல் இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்துவிடும்.

இரண்டு, லெவல் ஷிஃப்டர். டிரான்ஸ்ஃபார்மரோடு தொடரில் ஒரு கப்பாசிட்டர், வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு டயோடு. இது சைன் அலை முழுவதையும் பூஜ்யத்துக்கு மேலே தூக்கிவிடும். 2100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் சுமார் 2970 வோல்ட்; தூக்கிய பிறகு பிளேட்டுக்கு வருவது பூஜ்யத்திலிருந்து 5900 வரை. 833ஏ-வின் தரவுத்தாள் விசிறியோடு 4000 வோல்ட் நேர்மின்சாரம் வரைதான் பேசுகிறது. இங்கே உச்சம் வந்து போவதால் வால்வு தாங்குகிறது. ஆனால் தாங்குவது பழக்கத்தால், உத்தரவாதத்தால் அல்ல.

மூன்று, பைபாஸ் கப்பாசிட்டர். பிரைமரியின் மின்சார முனையிலிருந்து ஃபிலமென்டின் நடுமுனைக்கு 1 அல்லது 2 நானோஃபாரட், 10 கிலோவோல்ட் செராமிக், கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃபிலமென்டின் இரு முனையிலிருந்தும் எர்த்துக்குத் தலா 10 நானோஃபாரட். இவை இல்லையென்றால் உயர் அதிர்வெண் மின்னோட்டம் திரும்பி வரும் வழி டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று வழியாகத்தான். அந்தச் சுற்று இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கொஞ்ச நாளில் உள்ளேயே தாவி எரியும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. செகண்டரியின் அடிமுனைக்கு வீட்டு வயரிங்கின் எர்த் போதாது, தனிக் கம்பி வேண்டும். டர்பனில் பெரியா ரெட் என்று சொல்லும் செம்மணல் காய்ந்தால் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. கம்பி அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது காயிலின் கீழே கோழிவலை ஒரு துண்டை விரித்து அதையும் அதே கம்பியோடு இணையுங்கள். என்னைக் கேட்டால் கோழிவலைதான் மலிவு, வேலையும் நன்றாகச் செய்கிறது.

செகண்டரியின் அதிர்வெண்

110 மில்லிமீட்டர் குழாயில் 400 மில்லிமீட்டர் உயரத்துக்கு 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பியைச் சுற்றினால், எனாமலோடு சேர்த்து 0.45 என்று வைத்து, சுமார் 890 சுற்று வரும். வீலர் சூத்திரப்படி இண்டக்டன்ஸ் 21 மில்லிஹென்றி. காயிலுக்கே உள்ள சொந்தக் கப்பாசிட்டன்ஸ் 7 பிக்கோஃபாரட். தலையில் எதுவும் இல்லாமல் 415 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். உச்சியில் வைக்கும் சின்ன டோராய்டு (உலோக வளையம்) ஒன்று 4 பிக்கோஃபாரட் கூட்டினால் 331 கிலோஹெர்ட்ஸ்.

கணக்கு தொடக்கத்துக்குத்தான். அளந்தே ஆக வேண்டும். பிரைமரியின் இணைப்பைத் திறந்துவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரைச் செகண்டரியின் அடிமுனைக்கும் எர்த்துக்கும் நடுவில் இணையுங்கள். ஆஸிலோஸ்கோப்பின் புரோபில் ஒரு துண்டுக் கம்பியைச் சொருகி, காயிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். எதையும் தொட வேண்டாம். அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் அலை குபீரென்று உயரும். அதுதான். நானோ வி.என்.ஏ. (அதிர்வெண் வாரியாக அளந்து காட்டும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது.

இப்போது மிக முக்கியமான வேலை. அந்த எண்ணை எழுதிவிட்டு, டோராய்டின் பொறிமுனையில் ஒரு கம்பியைக் கட்டித் தொங்கவிடாமல் மேலாகவோ பக்கவாட்டிலோ நீட்டுங்கள். நீளம், நீங்கள் எதிர்பார்க்கும் பொறியின் நீளம். மறுபடி அளங்கள். அதிர்வெண் இறங்கியிருக்கும். பொறி என்பது வெறும் வெளிச்சமல்ல. சூடான கடத்தும் பாதை அது. ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய ஒரு பிக்கோஃபாரட் கூட்டும் என்பது காயில் கட்டுபவர்களின் கைக்கணக்கு. 40 சென்டிமீட்டர் பொறிக்கு 1.3 பிக்கோஃபாரட் சேர்த்தால் 331 என்பது 313 ஆகிவிடுகிறது, ஐந்து சதவீதத்துக்கு மேல் இறக்கம். நாம் சுருதி சேர்க்க வேண்டியது இந்த 313-க்கு. பொறி இல்லாத காயிலுக்குச் சுருதி சேர்த்தால், பொறி பிறந்த கணமே சுருதி போய்விடும். பொறி வளராமல் நுனியில் துடைப்பம் மாதிரி விரிந்து நின்றுவிடும்.

பிரைமரியின் டேப்

டாங்க் கப்பாசிட்டர் 2 நானோஃபாரட் என்று வைப்போம். 313 கிலோஹெர்ட்ஸுக்கு வேண்டிய இண்டக்டன்ஸ் 129 மைக்ரோஹென்றி. 160 மில்லிமீட்டர் குழாயில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 3.5 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்றாகச் சுற்றினால் 29 சுற்றுக்கு 126-ம் 30 சுற்றுக்கு 133-ம் வரும். பொறி இல்லாத 331-க்கு 27 சுற்றே போதும். அதாவது பொறி சுமையால் வரும் வித்தியாசம் இரண்டு மூன்று சுற்று. ஆகவே 34 சுற்று வரை சுற்றி, 24-லிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டேப் எடுத்துவிடுங்கள். சுற்றும்போது அலுப்பாக இருக்கும், பிறகு நன்றி சொல்வீர்கள்.

கப்பாசிட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த டாங்கின் எதிர்வினை சுமார் 250 ஓம். அதன் மேல் 4500 வோல்ட் உச்சம் ஆடினால் கப்பாசிட்டர் வழியே 18 ஆம்பியர் உச்சம் ஓடுகிறது. சாதாரண நீலநிற வட்டுச் செராமிக் இதில் நொடிகளில் சூடாகும், சூட்டில் அதன் மதிப்பு நழுவும், நீங்கள் சேர்த்த சுருதியும் கூடவே நழுவும். ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கென்று செய்த மைக்கா, அல்லது ரஷ்யாவின் கே15யு வகைச் செராமிக், அல்லது பாலிப்ரொப்பிலீன் கப்பாசிட்டர்களைத் தொடராகவும் இணையாகவும் கோத்த ஒரு தொகுப்பு. ஓட்டி நிறுத்தி, மேலே சொன்னபடி காலி செய்த பிறகு, கப்பாசிட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சூடு என்றால் அது பொறிக்குப் போக வேண்டிய வாட்.

தோல் விளைவும் நினைவில் இருக்கட்டும். 313 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.12 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடும். பிரைமரிக்குத் தடித்த ஒற்றைக் கம்பியைவிட, தனித்தனியாக எனாமல் பூசிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் வயர் கிடைத்தால் அது மேல். கிடைக்காவிட்டால் பெரிய நட்டமில்லை.

முதல் ஓட்டம்

வேரியாக்கை 80 வோல்ட் அளவில் வைத்து ஓரிரு விநாடி மட்டும் கொடுங்கள். ஒன்றுமே நடக்காமல் பிளேட் சூடானால் ஃபீட்பேக் காயிலின் இரு முனைகளையும் மாற்றிப் போடுங்கள். பாதிப் பேருக்கு முதல் தடவை தலைகீழாகத்தான் இருக்கும், அது விதி. மாற்றியும் ஆடவில்லையென்றால் கிரிட் இணைப்பைப் பாருங்கள்.

ஆடுகிறது, ஆனால் பொறியே இல்லை, பிளேட் மட்டும் சிவக்கிறது, சம்பந்தமில்லாத இடத்தில் சின்னச் சின்னப் பொறி தெறிக்கிறது என்றால் வால்வு வேறெங்கோ மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஒட்டுண்ணியாக ஆடிக்கொண்டிருக்கிறது. கிரிட்டுக்குப் பக்கத்திலேயே, 50 அல்லது 100 ஓம் கார்பன் ரெசிஸ்டரின் மேல் நான்கு சுற்றுக் கம்பியைச் சுற்றி அதை வழியில் போட்டால் அடங்கும். கம்பிச் சுற்று ரெசிஸ்டர் இதற்கு உதவாது.

பொறி வந்த பிறகு டேப்பை 27-லிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பொறி நீளும், நீளும், ஓரிடத்துக்கு மேல் குறையத் தொடங்கும். உச்சத்தில் நிறுத்தாமல் அதற்கு அரைச் சுற்றோ ஒரு சுற்றோ அதிகமாகவே வையுங்கள் என்பது என் யோசனை. பிறகு சக்தியைக் கூட்டும்போது பொறி இன்னும் நீளும், சுமை இன்னும் கூடும், அந்த அரைச் சுற்று அப்போது கைகொடுக்கும்.

கப்ளிங்

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் உள்ள பிணைப்பு வால்வு காயிலில், வால்வுக்குப் பதில் பொறி இடைவெளியால் ஓடும் காயிலைவிட இறுக்கமாக இருக்கலாம். அளப்பது எளிது. இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரைப் பிரைமரியில் வைத்து, செகண்டரியின் முனைகளைத் திறந்து ஒரு தடவை, இரு முனையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு தடவை அளங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் கப்ளிங். 129 என்பது 121 ஆக இறங்கினால் 0.25. மீட்டரை 10 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் செகண்டரிக் கம்பியின் 43 ஓம் மின்தடை குறுக்கே வந்து எண்ணைக் கெடுக்கும்.

0.2-க்கும் 0.25-க்கும் நடுவில் தொடங்குங்கள். செகண்டரியின் கீழே மரத்துண்டு வைத்து உயர்த்தினால் குறையும், இறக்கினால் கூடும். கூடக்கூடச் சக்தி வேகமாக மாறும். ஓர் எல்லைக்கு மேல் செகண்டரியின் உடம்பில் பொறிகள் ஓடும், பிரைமரிக்குத் தாவும், அல்லது ஆஸிலேட்டர் இரண்டு அதிர்வெண்களுக்கு நடுவில் எதில் ஆடுவது என்று தெரியாமல் தாவித் தாவி ஆடும். ஸ்கோப்பில் அலையின் உறை நடுவில் ஒடிந்திருந்தால் இதுதான். அந்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்திவிடுங்கள்.

கப்ளிங்கை மாற்றினால் டேப் மறுபடி பார்க்க வேண்டும். டேப்பை மாற்றினால் ஃபீட்பேக் மாறும். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் விளிம்பின் ஒரு பக்கம் தட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தையும் கேட்டுப் பார்ப்பது போல இதிலும் சுற்றிச் சுற்றி வரத்தான் வேண்டும். இரண்டு மூன்று வட்டத்தில் நின்றுவிடும்.

ஃபீட்பேக்கும் கிரிட் லீக்கும்

திறன் பிறக்கும் இடம் இதுதான். பெரும்பாலோர் தொடாமல் விடுவதும் இதைத்தான்.

வால்வு எப்போது சூடாகிறது? பிளேட்டில் வோல்டேஜும் இருந்து மின்னோட்டமும் ஓடும்போது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பிளேட் வோல்டேஜ் அடிமட்டத்தில் இருக்கும் சிறு நேரத்தில் மட்டும் வால்வைத் திறந்து, மற்ற நேரம் முழுக்க இறுக்கி மூடிவைத்தால் சூடு குறையும். இதுதான் சி வகுப்பு இயக்கம். அதற்குக் கிரிட் போதுமான எதிர்மின்னில் உட்கார வேண்டும், திறக்கும் நேரத்தில் பலமாகத் தள்ளவும் வேண்டும். முதலாவதைக் கிரிட் லீக் ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது, இரண்டாவதை ஃபீட்பேக் சுற்றுகள்.

எண்களில் பார்ப்போம். 833ஏ-வின் பெருக்கக் காரணி 35. பிளேட்டில் 5900 வோல்ட் உச்சம் இருக்கும்போது வால்வை மூட 5900-ஐ 35-ஆல் வகுத்து, ஏறக்குறைய 170 வோல்ட் எதிர்மின் வேண்டும். சி வகுப்புக்கு அதைப் போல இரு மடங்கு, 340 வோல்ட் என்று வையுங்கள். கிரிட் மின்னோட்டம் உச்சத்தில் 80 மில்லிஆம்பியர் என்றால் 4 கிலோஓம் ரெசிஸ்டரில் 320 வோல்ட் விழும். அதனால்தான் 833ஏ காயில்களில் 3-லிருந்து 5 கிலோஓம் வரை பார்க்கிறோம். 50 வாட் கம்பிச் சுற்று ரெசிஸ்டரை, டேப் நகர்த்தக்கூடியதாக வாங்கினால் இந்த வேலைக்கு அதைவிட வசதி இல்லை.

கிரிட் மின்னோட்டத்தை அளக்க, ரெசிஸ்டரின் எர்த் முனையில் ஊசி ஆடும் பழைய மில்லிஆம்மீட்டரை வைத்து, அதன் குறுக்கே 100 நானோஃபாரட் போடுங்கள். டிஜிட்டல் மீட்டர் இந்த இரைச்சலில் பைத்தியம் பிடித்து ஆடும். ஊசி காட்டுவது சராசரி; லெவல் ஷிஃப்டரின் அலைக்கு உச்சம் அதைப் போல சுமார் இரு மடங்கு. 40 காட்டினால் 80 என்று கொள்ளலாம்.

ஃபீட்பேக் காயிலைப் பிரைமரிக்கு மேலேயோ கீழேயோ அதே குழாயில் வைத்து, 10-லிருந்து 20 சுற்று வரை டேப்புகளோடு சுற்றிக்கொள்ளுங்கள். குறைந்த சுற்றில் தொடங்குங்கள். போதாதபோது பொறி தளர்வாக இருக்கும், கிரிட் ஊசி எழாது, பிளேட் சூடாகும். சுற்று கூட்டக் கூட்டப் பொறி நிமிரும், வாட் மீட்டரில் எண் ஏறும், ஆனால் பிளேட்டின் நிறம் தணியும். இந்த முரண்தான் நாம் தேடும் அடையாளம். இன்னும் கூட்டினால் பொறி நீளாமல் கிரிட் மின்னோட்டம் மட்டும் எகிறும். அங்கே ஒரு சுற்றுப் பின்வாங்குங்கள். பிளேட் சூட்டை வால்வு மன்னிக்கும், கிரிட் சூட்டை மன்னிக்காது.

ஃபீட்பேக் சுற்றுகளின் எண்ணிக்கை முடிவான பிறகு கிரிட் லீக் ரெசிஸ்டரை அரை கிலோஓம் படிகளில் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் பொறி குறையாமல் வாட் குறைந்தால் லாபம். பொறியும் சேர்ந்து குறையத் தொடங்கினால் முந்தைய படிதான் உங்களுடையது. கிரிட் கப்பாசிட்டர் 2 நானோஃபாரட் என்றால் 4 கிலோஓமோடு சேர்ந்து 8 மைக்ரோவிநாடி, அதாவது இரண்டரை ஆட்டம், நல்லது. இதை ஒரேயடியாக 100 நானோஃபாரட் ஆக்கினால் வால்வு தன்னைத் தானே மூடிக்கொண்டு விட்டுவிட்டு ஆடும், கிரீச்சென்று சத்தம் வரும். சிலர் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, திறனை அளக்க முடியாமல் போகிறது.

ஒப்பிடுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். வாட் மீட்டர் காட்டுவதில் ஃபிலமென்டின் 100 வாட்டைக் கழியுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே அளவு நேரம், ஒரே ஆறிய நிலையிலிருந்து. அகச்சிவப்பு வெப்பமானி கண்ணாடிக்கு உள்ளே பார்க்காது, கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். ஆனால் எப்போதும் ஒரே புள்ளியை அளந்தால் ஒப்பிட அது போதும். பொறியின் நீளத்துக்குப் பின்னால் ஒரு மரச்சட்டத்தில் அளவு குறித்து வீடியோ எடுங்கள். நீண்ட நேரம் திறந்து எடுத்த புகைப்படம் பல பொறிகளை ஒன்றாக்கி உங்களைச் சந்தோஷப்படுத்தும், அவ்வளவுதான்.

இனி வோல்டேஜ், அப்புறம் ஸ்டக்காட்டோ

இதுவரை குறைந்த வோல்டேஜில் செய்ததை இப்போது படிப்படியாக முழுதுக்கு ஏற்றலாம். ஏற்றும்போது பொறி நீள்வதால் டேப்பை ஒரு சுற்றுக் கூட்ட வேண்டிவரலாம். பிளேட் நிறம் மாறினால் நிறுத்திவிட்டு ஃபீட்பேக்குக்குத் திரும்புங்கள், வோல்டேஜை நம்பாதீர்கள்.

ஒரே வால்வில் இன்னும் நீளம் வேண்டுமென்றால் ஸ்டக்காட்டோ கட்டுப்பாடு. கேத்தோடு (இந்த வால்வில் ஃபிலமென்டேதான்) வழியில் ஒரு தைரிஸ்டர், அதாவது தூண்டினால் திறக்கும் மின்னணு சுவிட்ச். லைனின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்திசைந்து, வோல்டேஜ் பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் அதைத் திறக்க ஒரு டைமர். சுழற்சி முடிந்து மின்னோட்டம் பூஜ்யமாகும்போது தைரிஸ்டர் தானாகவே மூடிக்கொள்ளும். பத்துச் சுழற்சிக்கு ஒன்று விட்டால் விநாடிக்கு 5 பொறி, சராசரிச் சக்தி பத்தில் ஒன்று, ஒவ்வொரு பொறியின் உச்சமோ முழு அளவு. வோல்டேஜ் சில மில்லிவிநாடிகளில் மெல்ல ஏறுவதால் பொறி முந்திய சூடான பாதையிலேயே வளர்ந்து வாள் போல நேராக நிற்கும். வால்வுக்கு ஓய்வு கிடைப்பதால் இன்னும் கொஞ்சம் உச்சத்தை ஏற்றலாம். ஆனால் சுருதி சேர்க்கும்போது ஸ்டக்காட்டோவை அணைத்துவிட்டு, குறுகிய தொடர் ஓட்டங்களில்தான் பாருங்கள். ஸ்டக்காட்டோவில் தப்பான சுருதியும் அழகாகவே தெரியும்.

அக்கம்பக்கம்: 313-இன் இரண்டாம் மடங்கு 626 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை வானொலிக்குள் விழுகிறது. அடிப்படை அதிர்வெண்ணோ விமானங்களுக்கு வழிகாட்டும் பீக்கன்கள் வேலை செய்யும் பகுதி. அலைக்கற்றையைப் பார்த்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவின் ஆணையமான இகாசா. அவர்கள் கதவைத் தட்டும்வரை போகாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஓட்டுபவர்கள் லைனில் வடிகட்டி போட்டு, சில விநாடிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காயில் ஓடும்போதெல்லாம் எர்த் லீக்கேஜ் விழுகிறதென்றால் வடிகட்டியைச் சரி செய்யுங்கள், எர்த் லீக்கேஜைக் கழற்றாதீர்கள்.

கடல் காற்றும் மேட்டு நிலமும்

டர்பனின் கோடையில் காயில் திடீரென்று மந்தமானால் சுருதியைத் தொடும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். கடல் உப்பு செகண்டரியின் மேலும் வால்வின் கண்ணாடியிலும் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலமாகிவிடும். துடைத்துக் காயவைத்தாலே பாதி நோய் தீரும். செகண்டரிக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் நான்கைந்து பூச்சு கட்டாயம்.

பொறிமுனைக்குக் கூரான டங்ஸ்டன் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. டோராய்டைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். வால்வு காயிலின் சக்தி தொடர்ச்சியாக மெல்ல வருவது, பெரிய டோராய்டு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமே தவிர விடாது.

ஜொஹானஸ்பர்க்குக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 1750 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வோல்டேஜில் காற்று எளிதாக உடையும், பொறி நீளும். அதோடு நீங்கள் இங்கே போதும் என்று விட்ட இடைவெளிகள், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவிலும் வால்வின் பிளேட் முனையிலும், அங்கே போதாமல் போகலாம். மெலிந்த காற்று வால்வைக் குளிரவைப்பதும் குறைவு, விசிறியை ஒரு படி கூட்டுங்கள். வேரியாக்கை இங்கே வைத்ததைவிடக் கீழே தொடங்கி, டேப்பை ஒரு சுற்றுக் கூட்டி, பொறி நுனியில் விரியாமல் நீளும்வரை அங்கிருந்து பாருங்கள்.